மாடி ஏற முடியாதவர் பத்திரம் பதிவது எப்படி?

தருமபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஊரும் பெயரும் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. ஆறு வருடத்துக்கு முன் புளி உலுக்க மரம் ஏறியபோது கிளை முறிந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டையில் 75 சதவீத ஊனம் என்று இருக்கிறது. பெற்றோர் இருவரும் காலமான பிறகு அண்ணன், இவர், தங்கை மூவரும் புஞ்சை நிலத்தையும் வீட்டையும் பாகம் பிரித்துக்கொள்ள முடிவு செய்து, பத்திரமும் எழுதி, இரண்டரை மாதத்துக்கு முன் வீட்டில் வைத்தே மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பதிவுதான் பாக்கி. சார்பதிவாளர் அலுவலகம் ஒரு வாடகைக் கட்டிடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. முதல் தடவை போனபோது, "நாலு ஆளைக் கூட்டிட்டு வந்து தூக்கிட்டு ஏறுங்க" என்றார்களாம். இரண்டாம் தடவை, "உங்க அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துடுங்க, வேலை முடிஞ்சுது" என்றார்களாம். வீட்டுக்கு வந்து பதிவதெல்லாம் எண்பது சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களுக்குத்தான் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்ற சிலர் சிரித்தது இவரை மிகவும் புண்படுத்தியிருக்கிறது. லிஃப்ட் வைக்கும்வரை பதிவதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறார். பவர் கொடுக்கலாமா, வாடகைக் கட்டிடத்துக்குச் சட்டம் பொருந்தாது என்பது உண்மையா, அந்த ஊழியர் மீது வன்கொடுமை வழக்குப் போட முடியுமா, லிஃப்ட் வைக்கச் சொல்லி வழக்குப் போட்டால் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வைராக்கியத்தை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். காரணம், பத்திரத்தில் இருக்கும் தேதி. பதிவுச் சட்டம் 1908, பிரிவு 23-இன்படி, எழுதி முடித்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். எழுதிக்கொடுத்தவர்கள் சார்பதிவாளர் முன் தோன்றி ஒப்புக்கொள்வதும் அந்தக் கெடுவுக்குள்தான் நடக்க வேண்டும். இரண்டரை மாதம் போய்விட்டது என்றால் உங்களிடம் மிச்சம் இருப்பது சுமார் ஆறு வாரம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் நான்கு மாதம் வரை மாவட்டப் பதிவாளர் அனுமதிக்கலாம். ஆனால் பதிவுக் கட்டணத்தைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் விழக்கூடும். அவர்கள் அலுவலகம் மாடியில் இருப்பதற்கு நீங்கள் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. உங்கள் பத்திரம் கெடுவுக்குள் பதிவாக வேண்டும் என்பது ஒன்று. அந்த அலுவலகத்துக்கு உங்களைப் போன்ற எல்லோரும் போய்வர வழி வேண்டும் என்பது மற்றொன்று. சட்டமும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஒரு தனிநபரின் தேவைக்கு ஏற்ப அப்போதைக்கப்போது செய்து தரவேண்டிய மாற்றத்தை 'நியாயமான இணக்க வசதி' என்கிறார்கள். கட்டிடத்தையே எல்லோருக்கும் ஏற்றதாக வைத்திருப்பது 'அணுகல்தன்மை'. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால், "கட்டிடம் பற்றி மேலிடத்துக்கு எழுதியுள்ளோம்" என்று ஒரு பதில் வரும். உங்கள் பத்திரம் அப்படியே கிடக்கும். அதனால் மனு இரண்டாக இருக்கட்டும்.

பவர் யோசனையில் உள்ள ஓட்டை

அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தையும் தமிழ்நாட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும். அதைப் பதிய நீங்கள் எந்த மாடி ஏறுவீர்கள்? அதற்காக சார்பதிவாளர் உங்களிடம் வர முடியும் என்றால், பாகப்பிரிவினைக்கும் வர முடியும்தானே? இந்த ஒரு கேள்வியை அலுவலகத்தில் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான சங்கடம் ஒன்று உண்டு. பாகப்பிரிவினையில் உங்கள் அண்ணன் எதிர்த்தரப்பு இல்லை என்றாலும், அவர் தனிப் பங்குதாரர். உங்கள் பங்கைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை இன்னொரு பங்குதாரரிடம் கொடுப்பது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பின்னாளில் உங்கள் பிள்ளைகளுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் நடுவே வழக்காக முளைக்கும். பொது பவர் என்றால் விற்கவும் அடமானம் வைக்கவும்கூட வாசகம் அதில் வந்து உட்கார்ந்துவிடும். பத்திர எழுத்தர்கள் பலர் கையில் ஒரே அச்சுப் படிவத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். வேறு வழியே இல்லாமல் பவர்தான் என்று ஆனால், பங்குதாரர் அல்லாத ஒருவருக்கு, உதாரணமாக உங்கள் மனைவிக்கு, இந்த ஒரு பத்திரத்தைப் பதிந்து தருவதற்கு மட்டும் என்று தனி பவராக எழுதுங்கள். ஆனால் அந்த நிலைக்குப் போக வேண்டிய அவசியமே உங்களுக்கு வராது என்று நினைக்கிறேன்.

முதல் மனு: உங்கள் பத்திரத்துக்கு

'வீட்டுக்கு வந்து பதிவு' என்றால் பலரும் பதிவுச் சட்டம் பிரிவு 31-ஐத்தான் சொல்வார்கள். அதில் விசேஷக் காரணம் இருந்தால் அலுவலர் வீட்டுக்கு 'வரலாம்' என்றுதான் இருக்கிறது. வராமலும் இருக்கலாம். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது பிரிவு 38. உடல் இயலாமையால், அபாயமோ கடும் சிரமமோ இல்லாமல் பதிவு அலுவலகத்துக்கு வர முடியாதவருக்கு, நேரில் தோன்றுவதிலிருந்தே அது விலக்குத் தருகிறது. அப்படிப்பட்டவர் விஷயத்தில் அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிக்க ஒருவரை நியமித்து அனுப்ப வேண்டும் என்று கட்டாயச் சொல்லாகவே இருக்கிறது. அந்தப் பிரிவில் சதவீதம் எதுவும் கிடையாது. எண்பது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், யுடிஐடி அட்டையில் 80-க்கு மேல் நீல நிறம், 40 முதல் 79 வரை மஞ்சள் என்று பிரித்திருக்கிறார்கள். அதை யாரோ இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்க வேண்டும். இட ஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்குத்தான் 40 சதவீதம் என்ற வரம்பு. நியாயமான இணக்க வசதிக்கு அந்த வரம்பும் கிடையாது என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. மூவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. எழுதிக்கொடுத்தவர்கள் வெவ்வேறு நேரத்தில் தோன்றலாம் என்று பிரிவு 34 அனுமதிக்கிறது. ஆகவே உங்கள் அண்ணனோ தங்கையோ அலுவலகத்தில் பத்திரத்தைத் தாக்கல் செய்து தங்கள் பகுதியை முடித்துவிடலாம். உங்களை விசாரிப்பது மட்டும் வீட்டில் நடக்கட்டும். முழுப் பதிவையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்வதைவிட, இப்படிக் கேட்பதற்குச் சம்மதம் கிடைப்பது எளிது.

மனுவில் இவ்வளவு எழுதினால் போதும்: "நான் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருப்பவன். தங்கள் அலுவலகம் லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் இயங்குவதால், அபாயமும் கடும் சிரமமும் இன்றி என்னால் அங்கு தோன்ற இயலாது. பதிவுச் சட்டம் பிரிவு 38-இன்படி என் வீட்டில் என்னை விசாரித்துப் பதிவை முடித்துத் தரக் கோருகிறேன். அல்லது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 3(5)-இன்படி, குறித்த நாளில் அலுவலகத்தின் தரைத்தளத்துக்கு வந்து விசாரிக்கக் கோருகிறேன். பத்திரம் எழுதிய தேதி இது. கெடு முடியும் தேதி இது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வாயால் மறுப்பது சுலபம். எழுத்தில் மறுக்கப் பேனா எடுக்கும்போதுதான் பலர் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

மனுவோடு யுடிஐடி அட்டை நகல், ஆதார் நகல், பத்திர நகல், மாடிப்படியின் புகைப்படம் ஒன்று, அரசு மருத்துவரின் சான்று ஆகியவற்றை வையுங்கள். சான்றைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் வட்டத்து அரசு மருத்துவமனையிலோ வாங்கலாம். '75 சதவீத ஊனம்' என்று மட்டும் எழுதி வாங்காமல், 'படி ஏற இயலாது, தூக்கிச் செல்வதும் பாதுகாப்பல்ல' என்று எழுதித் தரக் கேளுங்கள். உணர்வில்லாத உடலைப் பழக்கமில்லாத நாலு பேர் தூக்கும்போது சிராய்த்தாலும் தெரியாது, சிறுநீர்க் குழாய் இழுபட்டாலும் தெரியாது. படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. 'நாலு ஆளைக் கூட்டிட்டு வாங்க' என்பதற்கு மருத்துவர் வரியே பதிலாக இருக்கும்.

மனுவை நேரில் கொடுத்தால் இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் மாவட்டப் பதிவாளருக்கு, ஒரு நகல் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. பத்து நாளில் அசைவு இல்லையென்றால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து மனு எண் வாங்குங்கள். அந்தக் கூட்டத்தையே கடைசி நீதிமன்றமாக நினைக்கிறவர்கள் உண்டு. ஆட்சியர் அங்கே தீர்ப்புச் சொல்வதில்லை. உரிய துறைக்குத் திருப்பி அனுப்புகிறார். ஆனாலும் ஆட்சியர் வழியாக வந்த தாள் மேஜையில் சும்மா கிடப்பதில்லை என்பதால் அதற்கொரு பலன் இருக்கிறது.

விசாரணை நாளில் எங்கே சிக்கும்

சட்டமெல்லாம் சரியாக இருந்தும் வேலை கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். சுபமுகூர்த்த நாள்களில் பதிவு அலுவலகங்களில் கூட்டம் அலைமோதும். அன்றைக்கு அலுவலர் எழுந்து வெளியே வர முடியாது. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள். உங்களை அடையாளம் காட்டும் சாட்சிகள் இருவரும் அசல் அடையாள அட்டையோடு வீட்டிலேயே தயாராக இருக்க வேண்டும். ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அன்றைய நாள் போயிற்று. புகைப்படமும் விரல்ரேகையும் உங்களிடமும் எடுத்தாக வேண்டும். நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் ரேகை தேய்ந்திருந்தால் கருவி ஏற்காது. இப்போதே ஆதார் மையத்துக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் (அதுவாவது தரைத்தளத்தில் இருக்கட்டும்). மலையடிவாரம் என்கிறீர்கள். வீட்டில் செல்போன் சிக்னல் நிற்கும் இடம் எது என்று முன்கூட்டியே பார்த்து அங்கே ஒரு மேஜை போட்டு வையுங்கள். சிக்னலே கிடையாது என்றால் தரைத்தள விசாரணை என்ற இரண்டாவது கோரிக்கையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

அலுவலர் வீட்டுக்கு வருவதற்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. அதைக் கேட்டால் ரசீதோடு கட்டுங்கள். ரசீது இல்லாமல் 'வண்டிச் செலவு' என்று கேட்பது லஞ்சம்தான். கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்டு மனு போடலாம், அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் அந்த விவாதத்தில் உங்கள் ஆறு வாரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இரண்டாவது மனு: அந்தக் கட்டிடத்துக்கு

வாடகைக் கட்டிடம் என்ற சாக்கு நிற்காது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 'பொதுக் கட்டிடம்' என்பதை வரையறுக்கும்போது, பொதுமக்கள் வந்துபோகும் கட்டிடம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் என்றே சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டிடங்களை ஐந்து வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது பிரிவு 45. விதிகள் 2017 ஜூன் மாதம் வெளியாயின. அந்தக் கணக்கில் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

என்ன கேட்பது என்பதில் கவனம் தேவை. 'சாய்தளம் அமைத்துத் தரவும்' என்று எழுதிவிடாதீர்கள். சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12 என்பது அடிப்படைக் கணக்கு. ஒரு அடி உயர்ந்தால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி, அதாவது 45 செ.மீ. உயரத்துக்கே 5.4 மீட்டர் நீளம் தேவை. முதல் மாடி 3.3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் சரிவு மட்டும் 39.6 மீட்டர், நடுநடுவே இளைப்பாறும் மேடைகள் வேறு. வாடகைக் கட்டிடத்தில் அதற்கு இடம் எங்கே? அப்படிக் கேட்டால், ஒப்புக்கு வாசலில் இரண்டு மீட்டருக்கு ஒரு சிமெண்டுச் சறுக்கு போட்டு, 'மனு தீர்வு செய்யப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சறுக்கில் ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். இப்படிப்பட்ட சறுக்குகளை நம் ஊர் அலுவலக வாசல்களில் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் இருசக்கர வாகனம் ஏற்றத்தான் அது உதவுகிறது.

ஆகவே கோரிக்கையை இப்படி வையுங்கள்: அலுவலகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, அல்லது லிஃப்ட் வைப்பது. அதுவரை தரைத்தளத்தில் ஒரு அறையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் தனி மேஜை, வாசலில் அழைப்பு மணி, மணியடித்தால் யார் இறங்கி வருவார் என்ற எழுத்து உத்தரவு. கதவு 90 செ.மீ. அகலம் திறக்க வேண்டும், மேஜை உயரம் 75 முதல் 80 செ.மீ. இருக்க வேண்டும், நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும் என்று அளவுகளையும் எழுதுங்கள். பார்வையற்றவர்களுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டவும், காது கேளாதவர்களுக்குச் சைகை மொழி தெரிந்தவரை அழைத்துவரவும் ஏற்பாடு வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் மனுவால் அவர்களுக்கும் வழி திறக்கட்டும்.

இதோடு ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள், பத்து ரூபாய்தான் செலவு. வாடகை ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, ஒப்பந்தத்துக்கு முன் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும் வசதி பார்க்கப்பட்டதா, பார்த்திருந்தால் அந்த அறிக்கையின் நகல் என்று மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்தம் முடியும் மாதம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தை முறித்து இடம் மாறுவதைவிட, புதுப்பிக்கும் நேரத்தில் வேறு கட்டிடம் பார்ப்பது எந்தத் துறைக்கும் சுலபம்.

துறை அசையவில்லை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். வக்கீல் தேவையில்லை, தபாலில் அனுப்பினால் போதும். அலுவலர்களை அழைத்து விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால் மூன்று மாதத்துக்குள் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அதற்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். அதற்கு யாரும் தேதி சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பத்திரத்தை இதோடு சேர்த்துக் கட்டக் கூடாது என்று முதலிலேயே சொன்னது இதனால்தான்.

அந்த ஊழியர் மீது வழக்கு

நீங்கள் கேட்கும் வன்கொடுமைப் பிரிவு, அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 92. அதன்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுவெளியில், அவமானப்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடு, வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. கடுமையான பிரிவு என்பதால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். "நாலு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்பது அலட்சியம், அறியாமை. நீங்கள் எழுதியிருக்கும் அளவில் அதில் அவமதிக்கும் நோக்கத்தைக் காட்டுவது கடினம். சிரித்தவர்கள் அலுவலக ஊழியர்களும் அல்லர். உங்கள் ஊனத்தைச் சொல்லி ஏளனமாக ஏதாவது பேசியிருந்தால் கதை வேறு. அப்படி நடந்திருந்தால் அந்தச் சொற்களை அப்படியே, தேதி, நேரம், உடனிருந்தவர் விவரத்தோடு எழுதி வையுங்கள். சட்டத்தை மீறியதற்கு அபராதம் விதிக்கும் பிரிவு 89 தனியாக இருக்கிறது. முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை, மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை. அந்தப் பணம் உங்களுக்கு வராது. கீழ்மட்ட ஊழியர் ஒருவரைக் கூண்டில் ஏற்றுவதைவிட, அந்த மாடியை வாடகைக்கு எடுத்த முடிவைக் கேள்வி கேட்பதுதான் பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். வழக்குப் போடுவதும் விடுவதும் உங்கள் உரிமை.

மனு எழுத ஆள் வேண்டுமென்றால் தருமபுரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பேசும்போது கட்டிடக் கதையை முதலில் ஆரம்பிக்காதீர்கள். பத்திரத்தில் உள்ள தேதியைச் சொல்லி, கெடுவுக்கு எத்தனை நாள் மிச்சம் என்பதிலிருந்து தொடங்குங்கள்.